ஏழு கிலோவைத் தாண்டும் முள்

எடிசன், நியூ ஜெர்சி
பிப்ரவரி 16

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று தனியாகக் கேட்டு எழுதச் சொன்னாள் உங்கள் மருமகள். கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறார்களா, பரணில் போட்டுவிட்டார்களா என்று ஒரு வரி போடுங்கள்.

பேரன் வாங்கின காரில் ஆயில் பிரஷர் அதிகம் என்று போனில் சொன்னதற்குச் சிரித்தீர்கள். "பிரஷர் இல்லைன்னுதான்டா வண்டி வரும். ஜாஸ்தியா இருக்குன்னு எவனும் கொண்டுவந்து நிறுத்தினதில்லை." நியாயமான சிரிப்புதான். உங்கள் பட்டறைக்கு வந்த அம்பாசடரும் ஃபியட்டும் பேரிங் தேய்ந்து, சிக்னலில் நின்றால் சிவப்பு விளக்கு மினுங்க மினுங்க வந்தவை. இது அதற்கு நேர்மாறு. போனில் உங்களுக்குப் பாதி காதில் விழவில்லை. அதனால்தான் சித்தி சொன்னபடி எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கிறேன். எண்களைக் கிலோவிலும் போட்டிருக்கிறேன். இங்கே எல்லாம் பி.எஸ்.ஐ. கணக்கு, நூறு என்றால் நம் கணக்கில் ஏழு கிலோ.

கார் 1991 மாடல் ஈகிள் டாலன். இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. கிரைஸ்லரும் மிட்சுபிஷியும் கூட்டுச் சேர்ந்து, இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்கிற ஊரில் டயமண்ட் ஸ்டார் என்று ஒரு தொழிற்சாலை போட்டார்கள். ஒரே காரை எக்லிப்ஸ், லேசர், டாலன் என்று மூன்று பெயரில் விற்றார்கள். ஈகிள் என்ற பிராண்டையே 1998-ல் மூடிவிட்டார்கள். அதே வருஷம்தான் நம் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரை இறக்கியது. அம்பாசடர் போடுகிறவனா இதைப் போட்டான் என்று பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நீங்கள் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த எஞ்சின் வேறு. இதில் இருப்பது 4ஜி63: ரெண்டு லிட்டர், பதினாறு வால்வு, டர்போ, நாலு சக்கரத்துக்கும் டிரைவ். கம்பெனியிலிருந்து வரும்போதே 195 குதிரைசக்தி.

பையன் கோடை விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கினான். குறைந்ததை நான் போட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆன வண்டி எதற்கு என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றது. ஒரு சௌகரியம், 1995 வரைக்குமான பெட்ரோல் கார்களுக்கு நியூ ஜெர்சியில் 2016-லிருந்து இன்ஸ்பெக்ஷனே கிடையாது. ஃப்ரீமாண்டில் இருக்கும் அத்தை மகன் வயிறெரிகிறான். கலிபோர்னியாவில் 1976 மாடலிலிருந்து எல்லாவற்றுக்கும் புகைச் சோதனை உண்டு. முந்தைய சொந்தக்காரர் பக்கத்து இங்கிலிஷ்டவுன் ரேஸ்வே பார்க்கில் கால் மைல் பந்தயம் ஓட்டியவராம். அங்கே டிராக் ரேஸை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். வண்டியும் அதோடு ஷெட்டில் ஏறிவிட்டது. பந்தயக்கார வண்டி என்றால் கை வைக்காத இடம் இருக்காது என்று நீங்கள் சொல்வீர்கள். அதேதான்.

முதல் அறிகுறி புகை. சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் சைலன்சரில் நீலப்புகை. டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இங்கே ஒரு கடைக்காரர் காரைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் டர்போ போய்விட்டது, மாற்று என்றார். பையன் பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டான். முள் சொல்வது நிஜமா என்று முதலில் பார்ப்போம், அப்புறம் டர்போவைப் பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தேன். எஞ்சினில் பிரஷரை அளக்கும் சென்டர் கெட்டாலும் முள் பொய் சொல்லும், வயர் எங்காவது உரசினாலும் சொல்லும். சென்டரைக் கழற்றிவிட்டு அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

அந்தத் துளையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜப்பான்காரன் போட்ட மரை நம் ஊர் பி.எஸ்.பி. மரை: எட்டில் ஒரு இன்ச், இன்ச்சுக்கு 28 சுற்று. அமெரிக்கக் கடையில் வாங்கும் கேஜின் மரைக்கு இன்ச்சுக்கு 27 சுற்று. ரெண்டும் பார்வைக்கு ஒன்றுதான். மூன்று சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகும். இறுகுகிறதே என்று ஸ்பேனர் போட்டால் அலுமினிய ஹவுசிங் விரிசல் விடும். பேரன் அடாப்டர் இல்லாமல் மாட்டப் போனான். கையால் மட்டும் முடுக்கு, மூன்றாவது சுற்றில் என்ன சொல்கிறது பார் என்றேன். இறுகியது. கழற்றிவிட்டுக் கடைக்குப் போய் அடாப்டர் வாங்கிவந்தான். கேஜின் கேஸைத் தட்டிப் பார்த்துவிட்டு மாட்டுகிற உங்கள் பழக்கம் அவனுக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி எண்கள். ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு எடுத்தவை. தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிட்டால் ஆயிலும் சூடாகிவிட்டதென்று இங்கே பலர் நினைக்கிறார்கள்; ஆயில் சூடாக அதற்கு மேலும் வெகுநேரம் ஓட வேண்டும். ரூட் 1 நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டிவிட்டு வந்துதான் எழுதினோம். ஐட்லிங்கில் 32, அதாவது ரெண்டேகால் கிலோ. மூவாயிரம் ஆர்.பி.எம்.மில் 95. நாலாயிரத்தில் 112, கிட்டத்தட்ட எட்டு கிலோ. அதற்கு மேல் மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிட்சுபிஷி புத்தகத்தில் இந்த எஞ்சினுக்குச் சூடான ஐட்லிங்கில் 11.4 இருந்தால் போதும் என்று போட்டிருக்கிறது. முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆக, முள் பொய் சொல்லவில்லை.

எஞ்சினில் இருந்தது 20டபிள்யூ-50. பந்தயத்துக்குக் கெட்டி ஆயில் நல்லது என்று முந்தைய சொந்தக்காரர் ஊற்றியிருக்கிறார். கோயம்புத்தூர் மே மாதத்துக்குச் சரி. பிப்ரவரி நியூ ஜெர்சியில் காலையில் அது ஆயில் இல்லை, பாகு. வடித்துவிட்டு, புத்தகத்தில் சொன்ன 10டபிள்யூ-30 ஊற்றி, ஃபில்டரையும் மாற்றினோம். ஐட்லிங் 24-க்கு வந்தது. ரெண்டாயிரத்தில் 58. ஆனால் மூவாயிரத்தில் 84, நாலாயிரத்தில் 102. ஆயில் கொஞ்சம் காரணம், முழுக் காரணம் இல்லை.

பேரன் இதைக் கட்டத்தாளில் கோடாக வரைந்தான். அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு சிக்கி மூடியே கிடந்தால், ரேஸ் பண்ணப் பண்ணக் கோடு வளையாமல் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். வால்வு ஒழுங்காக இருந்தால் ஓர் இடத்தில் மடங்கி, அப்புறம் ஏறக்குறையத் தட்டையாகப் போக வேண்டும். இங்கே ரெண்டும் இல்லை. கோடு வளைகிறது, ஆனால் தட்டையாக மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் வால்வு திறக்கிறது. திறந்த பிறகும் ஆயில் வெளியேற வழி போதவில்லை.

இந்த இடத்தைப் பையனுக்குப் புரியவைக்க நம் தோட்டத்துக் கிணற்றைத்தான் இழுத்தேன். மோட்டார் ஓடும்போது டெலிவரி வால்வைத் திருகினால் கேஜ் ஏறும், தென்னைக்குப் போகும் தண்ணீர் குறையும். கேஜ் ஏறுவது தண்ணீர் நன்றாகப் பாய்வதற்கு அடையாளமே இல்லை, எங்கேயோ வழி சுருங்கியிருக்கிறது என்பதற்குத்தான் அடையாளம். ஆனால் கிணற்று மோட்டார் சாதுவானது, ஓர் அளவுக்கு மேல் அழுத்தம் ஏற்றாது, உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆயில் பம்பு கியர் பம்பு. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தள்ளியே தீரும். வழி இல்லையென்றால் எங்கே பலவீனமோ அங்கே உடைத்துக்கொண்டு போகும்: ஃபில்டர் தகரம் உப்பும், கேஸ்கட் பிதுங்கும், ஆயில் சீல் கசியும். இந்த எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்டர் வேறு. அதிக ரேஸில் அழுத்தமும் அதிகமானால் லிஃப்டர் உப்பி, வால்வு சரியாக உட்காராமல் போகக்கூடும்.

சரி, ரிலீஃப் வால்வைக் கழற்றினோம். ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கிலேயே இருக்கிறது. ஒரு பெரிய மூடி, அதற்குள் ஸ்பிரிங், அதற்குள் பிளஞ்சர். உங்கள் கைவேலை நினைவுக்கு வந்து, ஸ்பிரிங்குக்குப் பின்னால் யாராவது வாஷர் போட்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடினேன். அம்பாசடரில் பிரஷர் இறங்கினால் தொப்பி நட்டைக் கழற்றி ஒரு வாஷரைச் செருகி, ஓனரிடம் இப்போது பாருங்கள் என்பீர்களே! கோபப்படாதீர்கள் சித்தப்பா, பேரிங் தேய்ந்து ஐட்லிங்கில் பிரஷர் விழுந்த வண்டிக்கு அந்த வாஷரால் பிரயோஜனம் இருந்திருக்காது. ஐட்லிங்கில் வால்வு மூடித்தானே கிடக்கும்? ரேஸ் பண்ணும்போது முள் ஒரு கோடு கூட ஏறும், அவ்வளவுதான். ஓனருக்கு மன நிம்மதி. நம் பட்டறைக்கு ஒரு டீச் செலவு. இங்கே வாஷர் இல்லை. பிளஞ்சரில் கீறல் இல்லை. துளையில் போட்டு ஹவுசிங்கைச் சாய்த்தால் தன் எடையிலேயே வழுக்கி இறங்கியது. வால்வு நிரபராதி.

அப்படியானால் பம்பு தள்ளும் ஆயில் வழக்கமாகப் போகிற ஏதோ ஒரு இடத்துக்கு இப்போது போகவில்லை. எந்த இடம்? வண்டியை முதல் நாள் ஓட்டியபோதே ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் தெரிந்தது. மூவாயிரத்தைத் தாண்டினால் பல் கூசுகிற மாதிரி. பழைய வண்டி, எஞ்சின் மவுண்ட் இறுகியிருக்கும் என்று பையன் சொன்னான். நான் பேலன்ஸ் ஷாஃப்டை நினைத்தேன். நாலு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வைக் கொல்ல, கிராங்க்கைவிட ரெட்டை வேகத்தில் சுற்றும் ரெண்டு தண்டுகளை மிட்சுபிஷி இதில் வைத்திருக்கிறது. யோசனையின் மூலம் லான்செஸ்டர் என்கிற ஆங்கிலேயருடையது. மிட்சுபிஷி அதை நன்றாக வளர்த்து வைத்திருந்ததால் போர்ஷேவே தன் 944 காருக்காக இவர்களிடம் லைசென்ஸ் வாங்கியது. ஒரு தண்டு ஆயில் பம்பின் கியரோடு சேர்ந்தே சுற்றும். இன்னொன்றுக்குத் தனியாக ஒரு சின்ன பெல்ட். அந்தச் சின்ன பெல்ட் அறுந்தால் டைமிங் பெல்ட்டில் போய்ச் சிக்கும், அப்புறம் வால்வு எல்லாம் வளையும். அதனால் பந்தயக்காரர்கள் ரெண்டு தண்டையும் கழற்றி எறிந்துவிடுவது வழக்கம். பம்புக்குள் தண்டுக்குப் பதில் ஒரு குட்டைத் துண்டைப் போடுவார்கள். தண்டின் பேரிங்குகளைத் திருப்பி அடித்து, ஆயில் துளைகளை அடைத்துவிடுவார்கள்.

தண்டு இருக்கிறதா இல்லையா என்று எஞ்சினைப் பிரிக்காமல் பார்க்க ஓர் அழகான வழி இருக்கிறது. டைமிங் பெல்ட் மாட்டும்போது பம்புத் தண்டு சரியான நிலையில் நிற்கிறதா என்று பார்க்க, பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு பிளக் வைத்திருக்கிறார்கள். பிளக்கைக் கழற்றி, எட்டு மில்லிமீட்டர் தடிமனான ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட வேண்டும். அறுபது மில்லிமீட்டர் இறங்கினால் தண்டு சரியாக நிற்கிறது. இருபது, இருபத்தைந்தில் முட்டினால் தலைகீழாக நிற்கிறது. பேரன் ஸ்க்ரூடிரைவரில் டேப் ஒட்டி அளவு குறித்துக்கொண்டான். விட்டான், முழுசாகப் போனது. வெளியே எடுத்துவிட்டு, நான் கிராங்க்கைக் கையால் கொஞ்சம் திருப்பினேன். மறுபடி விட்டான், போனது. மறுபடி திருப்பினேன், மறுபடியும் போனது. எந்த நிலையிலும் எதுவும் தடுக்கவில்லை. "உள்ளே ஒண்ணுமே இல்லைப்பா" என்றான். டைமிங் கவரைத் திறந்து பார்த்தோம். சின்ன பெல்ட்டும் இல்லை.

விஷயம் விளங்கிவிட்டது. ரெண்டு தண்டுகளின் பேரிங்குகள் குடித்துக்கொண்டிருந்த ஆயில் இப்போது மிச்சம். பம்போ பழைய அளவைத்தான் தள்ளுகிறது. ரிலீஃப் வழி, தண்டுகள் இருக்கும் எஞ்சினுக்காகக் கணக்குப் போட்டுத் துளைத்தது. கூடுதல் ஆயிலை அதிக ரேஸில் அதால் திருப்பிவிட முடியவில்லை. தண்டைக் கழற்றியதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கழற்றியவர் பாதி வேலையில் நிறுத்திவிட்டார். தண்டை எடுத்தால் ரிலீஃப் துளையைப் பெரிதாக்க வேண்டும் என்பது இந்த எஞ்சினில் கைவைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

புகைக்கும் பதில் அந்த ஹவுசிங்கிலேயே கிடைத்தது. கம்பெனி டிசைனில் டர்போவுக்கான ஆயில் சிலிண்டர் ஹெட்டிலிருந்து போகிறது. அங்கே வந்து சேர்வதற்குள் அழுத்தம் வெகுவாகத் தணிந்துவிடும். இவர் ஃபில்டர் ஹவுசிங்கிலிருந்தே ஸ்டீல் பின்னிய ஹோஸ் ஒன்றை நேராக டர்போவுக்கு இழுத்திருக்கிறார். ஆக, அந்த ஏழு கிலோவும் சுளையாக டர்போ பேரிங்கில். டர்போவில் இருப்பது கிராங்க்கில் இருக்கிற மாதிரி ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் போல ஒரு மெல்லிய வளையம். ஆயில் அதுவாக வடிந்து சேம்பருக்கு இறங்கிவிடும் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏற்பாடே நிற்கிறது. வடிகிறதைவிட அதிகமாகத் தள்ளினால் வளையத்தைத் தாண்டி சைலன்சர் பக்கம் போய்விடும். பால் பேரிங் டர்போ என்றால் இன்னும் நாசூக்கு. முழு வேகத்திலும் 40, 45-க்கு மேல் வேண்டாம், வழியில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்ட ரிஸ்ட்ரிக்டரை வை என்று காரெட் கம்பெனியே சொல்கிறது.

புகை என்றதும் பிரஷர் மேலேயே பழி போட்டுவிடவும் கூடாது. எஞ்சின் பிரீதர் அடைத்திருந்தாலும் சேம்பரில் காற்று அழுத்தம் ஏறி டர்போ ஆயில் வடியாது. வடிகால் குழாய் மடங்கியிருந்தாலும் அதே கதைதான். ரெண்டையும் பார்த்தோம், சுத்தம். டர்போவின் தண்டைப் பேரன் விரலால் ஆட்டிப் பார்த்து, ஆடுகிறது என்று பதறினான். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், ஆயில் படலம் வந்தால் நடுவுக்கு வந்துவிடும். முன்னும் பின்னும் இழுத்துப் பார், அது ஆடினால்தான் கவலை என்றேன். ஆடவில்லை. பிளேடு எங்கும் உரசின தடம் இல்லை. அந்தக் கடைக்காரர் மாற்றச் சொன்ன டர்போ கல்லு மாதிரி இருக்கிறது.

வேலையை நாங்களே செய்தோம். ஹவுசிங்கைக் கழற்றி பெஞ்சில் வைஸில் பிடித்தோம். அட்டையில் ஹவுசிங்கின் படம் போட்டு, எந்த போல்ட் எங்கே இருந்ததோ அங்கேயே குத்திவைத்தான் பேரன். துளையைப் பெரிதாக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: பக்கவாட்டில் அகலப்படுத்தலாம், பிளஞ்சர் பின்வாங்கிப் போகும் திசையில் நீட்டலாம். பிளஞ்சர் மூடி உட்காரும் பக்கம் மட்டும் தொடக்கூடாது. அந்த விளிம்பு ஒரு நூல் நகர்ந்தாலும் வால்வு முன்கூட்டியே திறந்து, பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடும். அப்புறம் ஹவுசிங்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த விளிம்பில் மார்க்கரால் சிவப்புக் கோடு போட்டுவிட்டுத்தான் சின்ன கிரைண்டரை அவன் கையில் கொடுத்தேன். பிறகு பிசிறை எமரியில் தேய்த்து, கெரசின் ஊற்றிக் கழுவி, காற்றடித்து, மறுபடி கழுவி, வெள்ளைத் துணியில் துடைத்து, துணியில் மினுக்கம் இல்லாத வரை விடவில்லை. ஓர் அலுமினியத் தூள் மெயின் பேரிங்குக்குப் போனால் நாம் காப்பாற்ற வந்ததே வீண். டர்போ ஹோஸையும் எடுத்துவிட்டு ஹெட்டிலிருந்து பழையபடி லைன் கொடுத்தோம்.

இப்போதைய எண்கள்: சூட்டில் ஐட்லிங் 24, ரெண்டாயிரத்தில் 58. ரெண்டும் பழையபடியே, ஒரு கோடுகூட மாறவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். சிவப்பு விளிம்பு பிழைத்தது என்று அர்த்தம். மூவாயிரத்தில் 70, நாலாயிரத்தில் 76, ஐயாயிரத்தில் 80. ஐந்தரை கிலோவில் கோடு தட்டையாகிவிட்டது. புகை முதல் நாள் கொஞ்சம் வந்தது, சைலன்சருக்குள் தேங்கியிருந்த ஆயில் எரிந்திருக்கும். இப்போது இல்லை. நடுக்கம் இருக்கத்தான் செய்கிறது. தண்டு இல்லாத எஞ்சின் அப்படித்தான். பையனுக்கு அது பிடித்திருக்கிறதாம். அவன் அம்மா ஒருமுறை உட்கார்ந்துவிட்டு, இனிமேல் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டாள்.

ஒன்று உங்களிடம் கேட்க வேண்டும். விடிகாலையில் மைனஸ் ஐந்து டிகிரி குளிரில் ஸ்டார்ட் செய்தால் முள் இன்னமும் 95-க்குப் போகிறது. ஓட ஓட இறங்கிவிடுகிறது. குளிர்ந்த ஆயிலுக்கு அது இயல்புதான், சூடேறும் வரை ரேஸ் பண்ணாதே, போதும் என்பது என் கட்சி. பேரன் குளிர்காலத்துக்கு மட்டும் 5டபிள்யூ-30 போடலாம் என்கிறான். இந்த வயசு எஞ்சினின் பழைய சீல்கள் அதற்குக் கசியுமோ என்று எனக்கு யோசனை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அவன் உங்கள் பதிலுக்குத்தான் காத்திருக்கிறான், நான் சொன்னதை எடுத்துக்கொள்வதாக இல்லை.

டிசம்பரில் வருகிறோம். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் அந்தச் சமயம் பந்தயம் ஏதும் இருக்குமா என்று விசாரித்து வையுங்கள். சித்தியிடம் அரிசிமாவு முறுக்கு என்று மட்டும் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்